மெஷினுக்கு முடி வெட்டும் செலவு

தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை ஊற்றியதால் தையல்காரியின் மெஷினுக்கு முடி முளைத்தது. அதே வாரம் ஊசி விலையும் ஏறியது. தெருவில் இரண்டைப் பற்றியும் பேசினார்கள், ஊசி விலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. எண்ணெய் ஊற்றியவன் அவள் கணவன். தங்கையின் பிரசவத்துக்குப் போகும்போது, மெஷினுக்குத் தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் விடும்படி அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போன மறுநாளே மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கடைவரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டவன், எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று குளியலறை அலமாரியிலிருந்த புட்டியை எடுத்து, இருந்த துளைகளிலெல்லாம் தாராளமாக ஊற்றினான். முடி அடர்ந்து வளரும் என்று அந்தப் புட்டியில் சீட்டு ஒட்டியிருந்தது. வருடக்கணக்காக அவன் வழுக்கையில் ஒன்றும் செய்யாத எண்ணெய், இரும்பில் வேலை செய்தது.

அவள் திரும்பி வந்தபோது எண்ணெய்த் துளைகளிலிருந்து கருகருவென்று முடி வளர்ந்து மிதிபலகைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவள் பயப்படவில்லை. உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. அவள் மெஷின் போட்டிருந்த முன்னறை கணவனின் அண்ணனுடைய பங்கு. கடைத்தெருவில் ஆயத்த ஆடைக் கடை வைத்திருந்த அந்த மனிதரை வீட்டில் எல்லாரும் மூத்தவர் என்பார்கள். மெஷின் தன் செலவைத் தானே சம்பாதிக்கும்வரை அறை அவளுக்கு, சம்பாதிக்காத மாதம் அது தன் கடைக்குக் கிடங்கு, அவளும் தன் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து கால்சட்டைக்கு நீளம் குறைக்க வேண்டியது என்பது அவர் போட்ட பேச்சு. முன்னறைக்குத் தெருவைப் பார்த்த கதவு ஒன்று உண்டு. காலையில் அதைத் திறந்து ரேடியோவைச் சத்தமாக வைத்து, அளவுத் துணியில்லாமல் வருகிறவர்களை நாலு வார்த்தை திட்டி அனுப்புவதில் அவளுக்கு ஒரு ராஜாங்கமே இருந்தது. அந்தக் கதவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ரிப்பேர்க்காரர் வந்து மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார். அவர் தொழிலில் பல்லி முட்டையெல்லாம் பார்த்தவர். "சர்வீஸுன்னா பிரிக்கணும், மண்ணெண்ணெயில கழுவணும், மாட்டணும். அதுக்கு ஒரு ரேட்டு இருக்கு. முடி வெட்டறது என் தொழில் இல்லக்கா" என்றார். முடிவெட்டுகிறவரைக் கூப்பிட்டால், அவர் நீளத்தைக் கையால் அளந்துவிட்டு, இதற்கு ஆண்பிள்ளைக் கூலி கட்டாது என்று பெண்பிள்ளைக் கூலி கேட்டார். இரண்டு பேருக்கும் கொடுத்து அனுப்பிய வாரமே முடி பழையபடி வளர்ந்து நின்றது. மெஷின் எண்ணெய்க்கு மாற்றிப் பார்த்தாள். மெஷினுக்குப் பொடுகு வந்து, தைத்த துணியெல்லாம் வெள்ளைத் தூளாகக் கொட்டியது. தலை எண்ணெய் விட்டால்தான் சக்கரமே சுழன்றது. வாரம் ஒருமுறை அலசிச் சிக்கெடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும், அன்றைக்கு வேலை கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அளவெடுத்த மறுநாள் பேனும் வந்தது. சர்வீஸ் கூலி, வெட்டுக்கூலி, எண்ணெய், சீப்பு எல்லாம் சேர்ந்து அவள் வருமானத்தைத் தாண்டிப்போனது. கணவன் குற்ற உணர்ச்சியில் தன் தலைக்கு வாங்குகிற எண்ணெயை முழுவதுமாக மெஷினுக்கு விட்டுக்கொடுத்தான். அவனுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

மூத்தவர் வாசற்படியில் நின்று பார்த்தார். "இது மெஷினாம்மா, யானையா? கட்டித் தீனி போட்டு மாளுமா?" என்று கேட்டார். மாதக் கடைசியில் பழைய இரும்பு வாங்குகிறவனோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை. அறையை எத்தனை அலமாரி கொள்ளும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டு போனார்.

அந்த நாட்களில் அவளிடம் ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு இருந்தது. வக்கீல் பருமனான ஆள். வாதாடும்போது கையைத் தூக்கினால் அக்குள் தையல் விட்டுப்போகும், நீதிபதி தலையைக் குனிந்துகொள்வார். பாதிக் கோட்டில் நூல் தீர்ந்தது. வாங்கக் கையில் காசில்லை, அன்று காலைதான் சீப்பு வாங்கியிருந்தாள். முன்னால் முடி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறெரிந்தது. என் காசைத் தின்று வளர்ந்ததுதானே, கொஞ்சம் உழைக்கட்டும் என்று ஒரு முடியை வெட்டாமலே இழுத்து ஊசியில் கோத்தாள், இன்னொரு கற்றையை அடிநூல் சுற்றும் பாபினில் சுற்றினாள். மிதித்ததும் ஊசி ஓடியது. ஊசி எவ்வளவு இழுத்ததோ முடி அவ்வளவு வளர்ந்துகொடுத்தது. கோட்டு முடிந்தபோது அவள் தன்னையறியாமல் கைதட்டினாள்.

வக்கீல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று வழக்குகளுக்கு வாதாடினார். கையைத் தூக்கினார், வீசினார், மேசையில் குத்தினார், தையல் அசையவில்லை. பிறகு ஒரு மூட்டை தூக்குகிறவர், அவள் தைத்த சட்டையின் காலர் கொக்கியில் மாட்டிக்கொண்டதால் சாப்பாட்டு நேரம் முழுவதும் கிடங்கில் தொங்கினார். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாப்பாடுதான் ஆறிப்போயிற்று. ஒருவரின் சட்டை வால் பஸ் கதவில் சிக்கியது. பஸ்தான் நின்றது. இந்தச் செய்திகள் பரவியதும் வக்கீல்கள், காவல்காரர்கள், வாத்தியக்குழுவினர், அடிக்கடி சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் கறுப்புத் துணியோடு முன்னறைக் கதவுக்கு வந்தார்கள். நூல் செலவு அடியோடு நின்றுபோனது. முடி தையலிலேயே தீர்ந்துகொண்டிருந்ததால் வெட்டுக்கூலியும் மிச்சம்.

சொன்ன சொல் தவறாத மூத்தவர் மாதக் கடைசியில் இரும்புக்காரனோடு வந்தார். மெஷின் சம்பாதிக்கிறது என்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், ஒரு பக்கம் நீ பிடி, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் என்று குனிந்தார். அவர் போட்டிருந்தது அவர் கடைக் கால்சட்டை. தெருவே பார்க்க அது பின்னால் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. இரும்புக்காரன் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தான். மூத்தவர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். கணவன் போர்வை கொண்டுவந்து கொடுத்தான். அவள் சிரிக்கவில்லை, சிரிப்பு தொண்டைவரை வந்து நின்றது. கால்சட்டையை வாங்கிச் சாவகாசமாகத் தைத்து, முடியைக் கத்தரியால் நறுக்கி, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவும்மா?" என்றார் மூத்தவர்.

"தையல் கூலி எப்பவும் போலத்தான் மாமா. மெஷின் பராமரிப்புச் செலவு மட்டும் தனி."

"அது எவ்வளவு?"

"இந்த அறை."

வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. போர்வை சின்னது. வியாபாரி ஆனதால் அந்த நிலையிலும் அவர் பேரம் பேசினார். மெஷினுக்கு முடி இருக்கிறவரை அறை அவளுக்கு என்று முடிந்தது. இரும்புக்காரன் சாட்சி. அவனும் போகும்போது ஒரு கால்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனான். அன்று அவள் ரேடியோவை வைத்த சத்தத்தில் அடுத்த தெருக்காரர்களும் பாட்டுக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின. ரிப்பேர்க்காரர் ஆண்டுக்கொருமுறை வந்து பிரித்து, கழுவி, மாட்டி, போகும்போது சிக்கும் எடுத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார். மூத்தவர் அவ்வப்போது எட்டிப் பார்த்து, முடி கொட்டுகிறதா என்று விசாரிப்பார். அவர் தலையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரே குறை, வெள்ளைத் துணி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய வெள்ளை நூலை மெஷின் ஒரு சாண் தைப்பதற்குள் அறுத்துப் போட்டுவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் வெள்ளைச் சீருடை. எடுத்தால் வருடம் முழுக்க வேலை. அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று விட்டிருந்தாள்.

ஒரு காலையில் சிக்கெடுக்கும்போது சீப்பில் ஒரு நரை வந்தது. கூந்தலை விலக்கிப் பார்த்தால் உள்ளே இன்னும் பல. கணவன் பதறிப்போய்ச் சாயம் வாங்கி வரவா என்றான். அவள் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மூத்தவருக்கு எப்படியோ தகவல் போய், மாலைக்குள் கைத்தடியோடு வந்துவிட்டார். வாசலில் ஆஸ்பத்திரி வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னறையில் கூரைவரைக்கும் வெள்ளைத் துணிக் கட்டுகள், அவர் நுழையவே இடமில்லை.

"நரைச்சிருச்சு போலிருக்கே" என்றார், வாசலிலிருந்தே.

"ஆமா மாமா, ரொம்ப நாளா காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள். ஒரு நீள நரையை இழுத்து ஊசியில் கோத்துக்கொண்டு, அவருக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, மிதிக்க ஆரம்பித்தாள்.