ஏழு விநாடி முதுகு

சிட்னியில் சாரா உம்மாவின் முகத்தைப் பார்த்தவர்களைவிட முதுகைப் பார்த்தவர்கள்தான் அதிகம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருடைய மகள் றிஃப்னா உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். எட்டு வருடத்தில் நாற்பத்தொரு தடவை அந்த முதுகு தொலைக்காட்சியில் வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். எட்டு வருடத்துக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவர்கள் குடியிருக்கும் டூங்கபிக் கடைத்தெருவுக்கு ஒரு செய்திச் சானல்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். உம்மாவை நிறுத்தி ஐந்து நிமிடம் பேசவைத்தார்கள். உம்மாவும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வஞ்சனையில்லாமல் பேசினார். வட்டிலப்பம் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றுகூடக் கூப்பிட்டார். மறுநாள் மாலை வீடே உடுத்திக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தது. இலங்கையில், காத்தான்குடியிலிருந்து மாமிமார் வாட்ஸ்அப்பில் வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். வந்தது ஏழு விநாடி. பழுப்பு அபாயா போட்ட ஒரு பெண், இரண்டு கையிலும் பைகள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறாள். ஒரு வார்த்தை இல்லை. வாப்பா ஜலால்தீன், "நடையிலயே ஆள் தெரியுதே" என்று சமாளித்தார். மாமிமார் மாஷா அல்லாஹ் சொன்னார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் செய்திக்காரர்களுக்கு ஒரு வசதியான பழக்கம் உண்டு. புதிய படம் கையில் இல்லாவிட்டால் பழைய துண்டு ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஃபைல் ஃபுட்டேஜ் என்று அதற்குப் பெயர். எங்கோ ஒரு வீட்டில் போலீஸ் சோதனை, உம்மாவின் முதுகு. ஹலால் முத்திரை பற்றிச் சண்டை, உம்மாவின் முதுகு. குடியேற்றச் சட்டம், பள்ளிவாசல் கட்ட எதிர்ப்பு, எதுவானாலும் அதே முதுகு. அந்த முதுகுக்குச் சொந்தக்காரி காலை ஐந்தரைக்கு எழும்பிப் போய் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அறுபது பிள்ளைகளுக்குச் சமைக்கிற மனுஷி என்று எந்த அறிவிப்பாளரும் சொன்னதில்லை. என்னத்துக்குச் சொல்லப்போகிறார்கள்?

றிஃப்னாவும் வாப்பாவும் இதை உம்மாவிடமிருந்து மறைத்தார்கள். ஆறு மணிச் செய்தி தொடங்கினால் வாப்பா கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவார். கிரிக்கெட் இல்லாத நாளில் பழைய கிரிக்கெட்டுக்கு மாற்றுவார். மட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத றிஃப்னாவும் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவாள். இப்படியே எட்டு வருடம் ஓடியது.

பல்கலைக்கழகத்தில் றிஃப்னா ஊடகவியல் எடுத்தாள். கடைசி அரையாண்டில் பாடம் எடுத்தவள் சென்னையிலிருந்து வந்து ஆய்வு முடித்த தாரிணி. கெட்டிக்காரி, நல்லவள். ஒரு நாள் வகுப்பில், செய்திகள் ஒரு சமூகத்தை எப்படிச் சித்தரிக்கின்றன என்பதற்கு உதாரணமாக ஒரு துண்டைத் திரையில் ஓடவிட்டாள். பழுப்பு அபாயா, இரண்டு பை. என்ன தெரிகிறது என்று தாரிணி கேட்க, முகமில்லாத பெண் என்றான் ஒருவன், குரலற்றவள் என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் மும்முரமாக எழுதிக்கொண்டார்கள். குரலற்றவளாம். உம்மா குசினியிலிருந்து கூப்பிட்டால் நாலாவது வீட்டு நாய் எழும்பும்.

அன்றே றிஃப்னா முடிவு செய்தாள். இறுதித் தேர்வுக்குச் செய்யவேண்டிய ஆவணப்படம் அந்த முதுகைப் பற்றித்தான். அதற்கு உம்மாவிடம் உண்மையைச் சொல்லியாகவேண்டும். இரண்டு நாள் தயங்கி, குசினி வாசலில் நின்று, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

உம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ள. ரெண்டாந் தரம் போட்டப்பவே தெரியும். வேலையில ஒரு தாய் வந்து சொன்னா. உனக்கும் வாப்பாக்கும் தெரிஞ்சா மனசு நோகுமெண்டுதான் நான் வாய் திறக்கல்ல."

கேமரா வந்த டூங்கபிக் கடைகளை விட்டுவிட்டு உம்மா ஏன் இத்தனை வருடமாக ரயிலேறி அடுத்த ஊருக்குச் சாமான் வாங்கப் போகிறார் என்பது றிஃப்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது. ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் சானலுக்கு இதைவிட நல்ல உதவி யார் செய்திருக்க முடியும்?

படம் எடுத்தார்கள். அதே கடைத்தெரு, இந்த முறை கேமரா உம்மாவுக்கு முன்னால். அன்றைக்கு என்ன பேசினீங்க என்று றிஃப்னா கேட்டாள். இந்த நாட்டில் வாழப் பயமாக இருக்கிறதா என்று கேட்டார்களாம். எனக்குப் பயமில்லை, உனக்கா பயம் என்று உம்மா திருப்பிக் கேட்டாராம். சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஐந்து நிமிடம் ஏன் ஒளிபரப்பாகவில்லை என்று அதற்குமேல் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு நெறிமுறைக் குழு. அந்தக் குழுவிடம் ஒரு படிவம். அதில் உம்மா 'வலுவற்ற சமூகத்தவர்' என்ற கட்டத்துக்குள் விழுந்தார். விழுந்தால் பெயர் போடக்கூடாது, 'பங்கேற்பாளர் ஒன்று' என்று போடவேண்டும். முகத்தை மங்கலாக்கவேண்டும். செய்யாவிட்டால் படத்துக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் இந்த வருடம் பட்டமும் இல்லை. பட்டமளிப்பு விழாவுக்கு வாப்பா ஏற்கெனவே காத்தான்குடி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

சம்மதக் கையெழுத்துப் போட உம்மா நேரிலேயே வந்தார். தாரிணி எழுந்து கதிரை போட்டு, பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"ஆன்ட்டி, இது உங்க பாதுகாப்புக்குத்தான். படம் வெளிய போச்சுன்னா, கண்டவன் கண்டபடி எழுதுவான். நான் பார்த்திருக்கேன்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. றிஃப்னாவுக்கே அந்தப் பயம் இருந்தது. உம்மா படிவத்தைக் கடைசிவரை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேனாவை மேசையில் வைத்தார்.

"நான் முகத்தக் காட்டினன், அவங்க போடல்ல. இப்பயும் காட்டுறன், நீங்க அழிக்கச் சொல்றீங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் என்ட முகத்துல என்ன பிரச்சின?"

குழுவுக்கு எழுதிப் பார்ப்பதாகத் தாரிணி சொன்னாள். எழுதவும் செய்தாள், மூன்று பக்கம். விதி விதிதான் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

கெடுவுக்கு முதல் நாள் றிஃப்னா கணினியில் மங்கலாக்கும் கருவியைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் உம்மாவின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. உம்மா தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. சிரித்தபோது அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தொரு தடவை யாரோ செய்ததை நாற்பத்திரண்டாவது தடவை தன் கையாலேயே செய்யவா இத்தனை வருடம் படித்தாள்? அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வட்டத்தை அழித்தாள். படத்தின் தொடக்கத்தில் முழுப் பெயரைப் போட்டாள். சாரா உம்மா ஜலால்தீன். அப்படியே அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பூச்சியம். பாடத்தை அடுத்த அரையாண்டு மறுபடி எடுக்கலாம், புதிய படம் கொடுக்கலாம் என்று மின்னஞ்சல் சொன்னது. வாப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

"எத்தனைக்குப் பூச்சியம்?" என்று உம்மா கேட்டார்.

"நூறுக்கு, உம்மா."

"படத்த மாத்தப் போறியா?"

"இல்ல."

அடுத்த அரையாண்டு றிஃப்னா அதே பாடத்துக்குப் பெயர் பதிந்தாள். அதே படிவம் வந்தது. பங்கேற்பாளரின் அடையாளம் எவ்வாறு மறைக்கப்படும் என்று கேட்டு, பதிலுக்குப் பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். மறைக்க மாட்டேன் என்று எழுதினாள். மிச்ச இடத்தில் உம்மாவின் புகைப்படத்தை, நேராகப் பார்க்கிற புகைப்படத்தை, பெரிதாக ஒட்டி அனுப்பினாள்.