திங்கட்கிழமை ஆட்டம்

டிரைவிங் மாஸ்டருக்கும் டெய்லரம்மாவுக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான்.

டயாலிசிஸ் அறையில் ஆறு படுக்கைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிவி. மாஸ்டர் அங்கே வந்து சேர்ந்த புதிதில், தன் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதைப் பார்க்கப் பயந்து, டிவியிலேயே கண்ணை வைத்திருந்தார். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பந்து பேட்ஸ்மேனின் காலில் பட்டது. அம்பயர் அசையவில்லை.

"சுத்தமான அவுட். இவனுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்றார் மாஸ்டர்.

"லெக் ஸ்டம்புக்கு வெளிய பிட்ச் ஆச்சு. அதுக்கு எந்த ஊர்லயும் அவுட் குடுக்க மாட்டாங்க," என்றது பக்கத்துப் படுக்கை.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அறுபதை ஒட்டிய, ஒல்லியான ஒரு பெண்மணி. கழுத்தில் குழாய். மருத்துவமனைத் தலையணைக்கு வீட்டிலிருந்தே உறை தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"உங்களுக்குக் கிரிக்கெட் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வாய் மூடவில்லை. டெய்லரம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். கணவர் போன பிறகு, மகனை வளர்த்து ஆளாக்கியது அந்தத் தையல் மிஷின்தான். பக்கத்தில் எப்போதும் ரேடியோ வர்ணனை ஓடும். "ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையா இருக்கும். காதுதான் சும்மா கெடக்கும்," என்பார். ஐந்து நாள் டெஸ்ட் தவிர வேறு எந்த ஆட்டத்தையும் அவர் ஆட்டமாகவே மதிப்பதில்லை. மற்றதெல்லாம் அவசரத்துக்கு அடித்த தையல், இரண்டு துவைப்புக்குத் தாங்காது என்பது அவர் கட்சி.

எதிர்ப் படுக்கையில் ஓய்வு பெற்ற ஒரு பேங்க் அதிகாரி, வந்ததும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவார். சாயங்காலம் விக்கெட்டைக் காக்க இறங்கும் ஆட்டக்காரனைப் போல, உள்ளே என்ன கலவரம் நடந்தாலும் தன் முனையை விட்டு அசையாதவர் என்பதால் அவருக்கு 'நைட் வாட்ச்மேன்' என்று பெயர் வைத்ததும் டெய்லரம்மாதான். அவர் காதில் விழும்படியேதான் கூப்பிடுவார்கள். அவர் போர்வைக்குள்ளிருந்தே சிரிப்பார்.

அந்தப் பருவத்தில் வெளிநாட்டு அணி ஒன்று நான்கு டெஸ்ட் ஆட வந்தது. ஒவ்வொரு ஆட்டமும் வியாழக்கிழமை தொடங்கும். இவர்களுக்கு டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. அதனால் இரண்டாம் நாளையும் ஐந்தாம் நாளையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். சனி, ஞாயிறில் அவரவர் வீட்டில் பார்த்ததை மனதில் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து, திங்கட்கிழமை மொத்தமாகக் கொட்டித் தீர்ப்பார்கள். மாஸ்டருக்கு அந்தத் திங்கட்கிழமைகள்தான் வாரத்திலேயே நல்ல நாளாகிப்போயின. ஊசி குத்தும்போதுகூட அவர் முகம் சுளிப்பதை விட்டுவிட்டார்.

முதல் டெஸ்டின் கடைசி நாளில் நம் அணி தோல்வியின் விளிம்பில் நின்றது. கடைசி ஜோடி, பேட்டைப் பிடிக்கவே தெரியாத இரண்டு பவுலர்கள், மதியம் முழுக்கக் கட்டை போட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்க வந்த சிஸ்டர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஆட்டம் டிராவில் முடிந்தபோது டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜெயிக்கறத யாரு வேணா ஜெயிப்பாங்க. தோக்காம நிக்கறது இருக்கே," என்றார்.

இரண்டாவது டெஸ்டின் வெள்ளிக்கிழமை டெய்லரம்மாவுக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கியது. இரண்டு கால்களையும் தசைப்பிடிப்பு முறுக்கியது. சிஸ்டரும் இன்னொருவரும் ஓடி வந்து தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். டிவியில் நம் ஆட்கள் வரிசையாக அவுட் ஆகிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் டிவியைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டம் தோற்றுப்போன திங்கட்கிழமை, டெய்லரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இந்த சீரிஸ் முடியட்டும் மாஸ்டர். அதுக்கப்புறம் நான் வரல."

"எங்க வரல?"

"இங்கதான். போதும்னு ஆயிடுச்சு."

மாஸ்டர் முதலில் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஊசி போட வழி பண்ண கையில ரெண்டு தடவ ஆபரேஷன் பண்ணிப் பாத்தாங்க, நரம்பு ஒத்துக்கல. கழுத்துக் குழாயில அடிக்கடி சீழ் புடிக்குது. வேற கிட்னி வைக்கலாம்னா ஹார்ட் தாங்காதுன்னுட்டாங்க. இங்க வந்துட்டுப் போனா மறுநாள் பூரா படுக்கை. ஊசியில நூல் கோக்க கை நிக்கல. டாக்டர்கிட்ட பேசிட்டேன். மொதல்ல முடியாதுன்னாரு. அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து நான் சொன்னதக் கேட்டாரு."

"பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கடைசி மேட்ச் முடிஞ்சதும் நானே சொல்லுவேன். அதுவரைக்கும் அவன் சிரிச்சிட்டு இருக்கட்டும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் அவரை ஆட்டிவைத்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கிளட்ச் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிரேக் என்று சொன்னார். மூன்றாவது டெஸ்டில் நம் அணி வென்று தொடரைச் சமன் செய்தது. தெருவே பேசிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும், மீதி இருப்பது ஒரே ஓர் ஆட்டம் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசி ஆட்டம் தொடங்க இருந்த வாரத்தின் திங்களன்று, டெய்லரம்மாவின் மகன் வழக்கம்போல் வாசலில் பைக்கோடு நின்றிருந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அம்மாவை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய், முடியும் நேரத்துக்குத் திரும்பி வருவான். அறைக்குள் வந்ததே இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் அவனுக்குத் தலை சுற்றும். அன்று மாஸ்டர் சீக்கிரமே முடித்து வெளியே வந்திருந்தார்.

"தம்பி, அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"என்ன சார்?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். சொல்லிவிட்டார். அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான், கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான். "ஷீல்டு கீறியிருக்கு, மாத்தணும்," என்று சம்பந்தமில்லாமல் சொன்னான்.

புதன்கிழமை டெய்லரம்மா வந்ததும் நேராக சிஸ்டரிடம் போனார். "எனக்கு அந்த ஜன்னல் பக்கம் எடம் குடுங்க."

"ஏம்மா, இங்க டிவி நல்லா தெரியுமே?"

"வெளிச்சம் வேணும்."

மாஸ்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. கடைசி டெஸ்டின் இரண்டாம் நாள், அறையின் இரண்டு கோடிகளிலிருந்து இரண்டு பேரும் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஓப்பனர் சதம் அடித்தான். நைட் வாட்ச்மேன் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். "என்னய்யா, யாரும் சத்தம் போடலேன்னா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது," என்றார்.

இயந்திரத்திலிருந்து விடுபட்டு வெளியே போகும் வழியில், டெய்லரம்மா மாஸ்டரின் படுக்கையருகே நின்றார்.

"பையன் கடையத் தொறக்கல. எங்கிட்ட கெஞ்சுறான். நான் எழுந்தா எழறான், உக்காந்தா உக்கார்றான். மிச்சம் இருந்த நாளாவது அவன் நிம்மதியா இருக்கட்டும்னு நெனச்சேன் மாஸ்டர். கெடுத்துட்டீங்களே."

"தப்புதாம்மா. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. நான் இங்க யாரோட…"

டெய்லரம்மா குனிந்து அவருடைய படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தார். பிரிந்து தொங்கிய ஒரு நூலைப் பிடித்து அறுத்தார்.

"பிட்ச் நல்லா இருக்கு. மழையும் வரும்ங்கறாங்க. ஆட்டம் திங்கக்கெழம வரைக்கும் போகும்," என்றார்.

"போனா வருவீங்களா?"

"கடைசி நாள் ஆட்டத்த நான் என்னிக்கு விட்டிருக்கேன்?"

அது போதுமாக இருந்தது மாஸ்டருக்கு. திங்கட்கிழமை பேசி மனதை மாற்றிவிடலாம். ஒரு திங்கட்கிழமை கிடைத்தால் அதை வைத்து ஒரு புதன்கிழமையைக் கேட்கலாம். சனிக்கிழமை வீட்டில் ஆட்டம் பார்த்தபோது, எதிரணி பேட்ஸ்மேன்கள் அவுட் ஆகாமல் நிற்க வேண்டும் என்று அவர் மனம் வேண்டிக்கொண்டது. வாழ்நாளில் நம் அணிக்கு எதிராக அவர் நினைத்தது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி, "என்னங்க, விக்கெட் விழுந்தா நம்ம ஆளுங்களையே திட்டுறீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் எழுந்துபோய் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடம் ஒரு பல் டாக்டர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஆசை வந்து சேர்ந்தவர், ஸ்டியரிங்கை நோயாளியின் தாடை மாதிரி இறுக்கிப் பிடிப்பார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் இடைவேளை வரை எதிரணி நன்றாகத்தான் நின்றது. அதன் பிறகு நம் இடதுகை ஸ்பின்னர் கையில் பந்து பேயாகச் சுழன்றது. ஒரு விக்கெட், இன்னொன்று, அடுத்த ஓவரில் இரண்டு.

"முடிச்சிருவான் போலிருக்கே சார்," என்றார் டாக்டர்.

"ரோட்டப் பாருங்க," என்றார் மாஸ்டர்.

கடைசி விக்கெட் விழுந்தபோது கார் கடைத்தெருவில் இருந்தது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. கடைகளுக்குள்ளிருந்து ஆட்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவன் காரின் பானெட்டைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போனான். மாஸ்டரின் கால் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தியிருந்தது. கார் நடுரோட்டில் குலுங்கி அணைந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலியே சார்?"

"இல்ல. ஓரமா நிறுத்துங்க."

ஓரமாக நிறுத்தியதும் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. டாக்டர் பையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்து நீட்டினார். "எனக்கும் அப்படித்தான் சார். பெரிய மேட்ச் ஜெயிச்சா அழுகை வந்துரும்."

"ஆமா," என்றார் மாஸ்டர்.

திங்கட்கிழமை ஜன்னல் பக்கப் படுக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. டெய்லரம்மாவின் பையன் போன் செய்து, அம்மா வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டதாக சிஸ்டர் சொன்னார். யாரும் டிவியைப் போடச் சொல்லவில்லை.

டயாலிசிஸ் முடிந்தால் மாஸ்டருக்கு நேரே வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் தெம்பு இருக்கும். அன்று வழி விசாரித்துக்கொண்டு டெய்லரம்மா வீட்டுக்குப் போனார். மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். கதவைத் திறந்த மகன் அவரைப் பார்த்து ஒரு கணம் நின்றான். பிறகு, "வாங்க சார்," என்று வழிவிட்டான்.

ஒரே அறை. ஜன்னலடியில் மிஷின், அதன் மேல் வெட்டி வைத்த காலர்கள். பக்கத்துக் கட்டிலில் டெய்லரம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் லேசாக ஊதியிருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது.

"பிட்ச் நல்லா இருக்குன்னு சொன்னேன். ஏமாத்திட்டான் பாருங்க அந்த ஸ்பின்னர்," என்றார்.

"புதன்கெழம வாங்கம்மா. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் சிஸ்டர்கிட்ட சொல்லி வைக்கறேன்."

"மாஸ்டர், இன்னிக்கி காலைல நான் தண்ணி குடிச்சேன். ஒரு டம்ளர் முழுசா. அளந்து பாக்கல, கணக்கு வைக்கல. தொண்டையில எறங்கறது வயிறு வரைக்கும் தெரிஞ்சுது. எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?"

மாஸ்டருக்குத் தெரியும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தண்ணீர்கூட அளவுதான். நாளெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ள, ஐஸ் துண்டைச் சப்பி ஓட்டுகிறவர்தானே அவரும். அவர் பேச எடுத்து வைத்திருந்ததெல்லாம் அங்கேயே நின்றுபோனது.

"சாப்பிடக் கூடாதுன்ன ஆரஞ்சும் சாப்ட்டாங்க," என்றான் மகன், சுவரைப் பார்த்தபடி. "ரெண்டு."

"இவருக்கும் கொஞ்சம் தண்ணி குடுடா. ஒரு வாய். அதுக்கு மேல குடுத்தா அந்த சிஸ்டர் ஒன்ன வெட்டிருவா."

மூன்று பேரும் சிரித்தார்கள். மாஸ்டர் அந்த ஒரு வாயை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வாரக் கடைசியில் டெய்லரம்மா இறந்துபோனார். பெரிதாக வலி இல்லை, தூங்கிக்கொண்டே இருந்தார், டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார் என்று மகன் போனில் சொன்னான். மாஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் பக்கப் படுக்கைக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு டிவியில் சமையல் பார்க்கப் பிடித்திருந்தது. பார்க்கட்டும் என்று மாஸ்டர் விட்டுவிட்டார்.

அதன் பிறகு ஒருநாள் மதியம், மாஸ்டருக்கு ஊசி குத்தி இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தபோது, அறை வாசலில் டெய்லரம்மாவின் மகன் நின்றான். ரத்தக் குழாய்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"உங்க மேல கோபமாத்தான் இருந்தேன் சார். எங்கிட்ட சொல்லாதத அம்மா உங்ககிட்ட சொன்னாங்களேன்னு. ஆனா நீங்க சொன்னதாலதான் கடையப் பூட்டிட்டுக் கூடவே இருந்தேன். இல்லேன்னா, மேட்ச் முடியற வரைக்கும் போனுக்கு டிஸ்ப்ளே மாத்திட்டு ஒக்காந்திருப்பேன்."

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எனக்குக் கிரிக்கெட் ஒண்ணும் தெரியாது. அம்மா இங்க என்ன பேசுவாங்க?"

மாஸ்டர் யோசித்தார். "ஒரு தடவ டாஸ் ஜெயிச்சிட்டு, நம்ம கேப்டன் வானத்தப் பாத்தான், மேகத்தப் பாத்தான், கடைசில பவுலிங் எடுத்தான். அன்னிக்கிப் பூரா ஒரு விக்கெட் விழல. அம்மா சொன்னாங்க, 'இவன் பொண்ணு பாக்கப் போனப்பவும் வானத்தத்தான் பாத்திருப்பான். பாவம், அதான் பொண்டாட்டி மொகத்துல சிரிப்பே இல்ல'ன்னு."

எதிர்ப் படுக்கைப் போர்வை குலுங்கியது. மகனும் சிரித்தான். சிரித்தவன் நிறுத்த முடியாமல் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். மாஸ்டர் அவனைத் தொடப் பார்த்தார். ஊசி குத்தியிருந்த கை அந்தப் பக்கம் இருந்தது, அசைக்க முடியாது.

"தம்பி, ஸ்டூல இந்தப் பக்கம் போட்டுக்குங்க," என்றார்.

அவன் எழுந்து கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்தான். மாஸ்டர் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.