லோர்னாவின் களை மசோதா

கூட்டத்தொடரின் கடைசி நாள் காலையில் ஹாஸ்கெட் வந்து முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தபோதே உறுப்பினர் லோர்னா டிரைலிங் உஷாராகிவிட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், ஏதோ ஓர் ஆட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். ஹாஸ்கெட் மாநிலப் பேரவையின் கல்விக் குழுத் தலைவர். எண்பது பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளுக்கு அரசு உதவியை நிறுத்த வேண்டும் என்று ஜனவரியில் முழங்கியவர். லோர்னாவின் ஊரான பிளம் ஃபோர்க்கில் இருப்பது ஒரே பள்ளி. அதில் அறுபத்தொரு பிள்ளைகள். உதவி நின்றால் பள்ளி மூடப்படும், பிள்ளைகள் நாற்பது மைல் பஸ்ஸில் போக வேண்டும். பள்ளி போன ஊர் என்ன ஆகும் என்று அந்தக் கோதுமைச் சமவெளியில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

"முட்டி கெடக்கட்டும். பள்ளிக்கூட நிதி மசோதாவுல என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று லோர்னா கேட்டார்.

"ஒண்ணுமில்ல, லோர்னாம்மா. வேணும்னா படிச்சுப் பாருங்க."

படிக்கச் சொன்னதுதான் இன்னும் உறுத்தியது. லோர்னா தொண்ணூறு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தார். ஒன்றும் இல்லை. ஹாஸ்கெட் எழுதியதில் ஒன்றும் இல்லாமல் இருக்குமா? மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

பக்கத்து இருக்கை ரே டஃபோயாவுடையது. எதிர்க்கட்சிக்காரர், நகரத்து ஆள், லோர்னாவைவிட இருபது வயது இளையவர். மனைவி சுட்ட, மாவுக்குள் ஆப்பிள் அடைத்த பலகாரத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்து காலையிலேயே லோர்னா பக்கம் நகர்த்தியிருந்தார். லோர்னா அதைத் தொடவில்லை.

"நிதி மசோதாவை விடுங்கம்மா," என்றார் டஃபோயா. " உங்க களை மசோதாவைத் திரும்பப் படிங்க."

"நான் எழுதுனத நானே படிக்கணுமா?"

"ரெண்டு அவையும் சேர்ந்த குழுவுலேர்ந்து இப்பதான் திரும்பி வந்திருக்கு. பக்கம் கூடியிருக்கு."

"இதுலேர்ந்து என் கண்ணை எடுக்கச் சொல்லி உங்களை யாரு அனுப்புனா? ஹாஸ்கெட்டா?"

டஃபோயா தன் பிரதியைப் புரட்ட ஆரம்பித்தார்.

அந்தப் பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. மசோதாவின் எண், தலைப்பு, கொண்டுவந்தவர் பெயர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் வழித்தெடுத்து வேறொன்றை அடைத்துவிடுவார்கள். விதிப்படி குற்றமில்லை. உறுப்பினர்கள் அதைக் குடலெடுப்பு என்பார்கள். அடுத்தவர் மசோதாவுக்கு அது நடந்தபோது லோர்னாவே வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். சாலையோர விஷக்களையைப் பற்றிய தன் மசோதாவை எவன் சீந்தப் போகிறான் என்று நினைத்திருந்தார்.

மூன்று மணிக்கு எழுத்தர் தலைப்பைப் படித்தார். "சாலையோரக் களை ஒழிப்பு. உறுப்பினர் டிரைலிங்."

நிதி மசோதாவின் எழுபதாம் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே, லோர்னா மறுகையால் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பலகையில் அறுபத்துமூன்று பச்சை. நிறைவேறவும் சரியாக அறுபத்துமூன்றுதான் வேண்டும்.

களைக்கா இத்தனை சிவப்பு என்று அப்போதுதான் நிமிர்ந்தார். டஃபோயா களை மசோதாவின் நான்காம் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். களை என்ற சொல்லே அதில் இல்லை. எண்பதுக்குக் குறைந்த பள்ளிகளுக்கு உதவி ரத்து என்று இருந்தது. முதல் பக்கத்தில் லோர்னாவின் பெயர். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று.

"இப்ப என்ன பண்றது?" லோர்னா நிதி மசோதாவைத் தள்ளிவைத்தார்.

"நான் சிவப்பு போட்டவன், என்னால முடியாது. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் மறு ஓட்டு கேக்கலாம். நீங்க கேளுங்க, நான் வழிமொழியுறேன்."

லோர்னா எழுந்து மறு ஓட்டு கேட்டார். சபாநாயகர் காரணம் கேட்டார். பிளம் ஃபோர்க் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஊரார் அத்தனை பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நிதி மசோதாவில் பள்ளிக்குக் கேடு வராமல் தான் காப்பதைப் பார்க்கும்படி அவரேதான் சொல்லியிருந்தார்.

"படிக்காம ஓட்டுப் போட்டுட்டேன். என் மசோதாவையே."

அவை சிரித்தது. ஹாஸ்கெட் மட்டும் சிரிக்கவில்லை. லோர்னாவுக்கு அவமானத்தில் காது எரிந்தது. மறு ஓட்டுக்கு அவை இசைந்தது. அடுத்தவர் அவமானத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க யாருக்குக் கசக்கும்? லோர்னா சிவப்பை அழுத்தினார். பச்சை அறுபத்திரண்டில் நின்றது. மசோதா தோற்றது.

உட்கார்ந்தபோது முழங்கால் நிஜமாகவே வலித்தது. டஃபோயா டப்பாவை மறுபடி நகர்த்தினார்.

"இப்பவாவது சாப்பிடுங்க."

"உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஏதாவது லாபம் இருந்தே ஆகணும்னா யோசிச்சுச் சொல்றேன்."

லோர்னாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் முள்கரண்டியால் பலகாரத்தின் மேலோட்டைத் தூக்கி, உள்ளே இருப்பது ஆப்பிள்தானா என்று பார்த்த பிறகுதான் வாயில் வைத்தார்.