பன்னிரண்டாவது படம்

வாப்பாவின் உடலைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கும்போதே நுஸைபாவின் கைபேசி அடித்தது. துபாயிலிருந்து தம்பி ஜாபிர்.

"தூக்கிட்டாங்களா லாத்தா?"

"இப்பத்தான். பள்ளிவாசலுக்குப் போயிட்டு இருக்காங்க."

நேற்று மதியம் மவுத்துச் செய்தி போனதிலிருந்து அவன் படாத பாடில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம், முதலாளி ஊரில் இல்லை. அவன் வந்து சேரும்வரை மய்யித்தை வைத்திருக்க முடியுமா?

"நேத்து வாப்பா உன்னப் படம் புடிச்சாங்களாமே, உம்மா சொன்னாங்க. அதக் கழுவி எனக்கு அனுப்பு லாத்தா. கடைசியா அவங்க கண்ணு என்னத்தப் பாத்துச்சோ, அத நானும் பாத்துக்குறேன். எனக்கு வேற என்ன இருக்கு?"

"அனுப்புறேன்டா" என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒரு படமே இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வாப்பா நெய்னா முகம்மது பினாங்கில் இருந்தபோது வாங்கிய இரட்டைக்கண் கேமரா அது. நெஞ்சோடு பிடித்து, குனிந்து, மேலேயிருக்கும் கண்ணாடியில் பார்த்து எடுக்க வேண்டும். மேல்கண் பார்ப்பதற்கு மட்டும். படம் பிடிப்பது கீழ்க்கண். கீழ்க்கண்ணின் மூடி என்றோ தொலைந்துபோக, மருந்து டப்பாவின் பச்சை மூடியை அதில் பொருத்தியிருந்தார். சுருளுக்குப் பன்னிரண்டு படம். பதினொன்று எடுத்தாயிற்று. கடைசி ஒன்றை மட்டும், "ஜாபிர் வரட்டும்" என்று மூன்று வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற மனுஷர், அதில் மட்டும் மகா கருமி.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அவருக்கு என்ன தோன்றியதோ, கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்து கேமராவைக் கேட்டார். ஜன்னலோர முக்காலியைக் காட்டி, "நீ உக்காரு" என்றார்.

"தம்பி வரட்டுமே வாப்பா."

"நீ உக்காரும்மா."

தம்பிக்காகக் காத்திருப்பதை அவர் விட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. உட்கார்ந்தாள்.

குனிந்து பார்த்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. எதிரே இருந்த அவளுக்குத்தான் கீழ்க்கண்ணில் பச்சை மூடி அப்படியே இருப்பது தெரிந்தது. "வாப்பா..." என்று வாயெடுத்தாள்.

"பேசாத. அசையாத. லேசா சிரி."

அழுத்தினார். "நல்லா வந்துருக்கும்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? தூங்கி எழட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவர் எழவில்லை.

ஆண்களெல்லாம் போய்விட்ட வீட்டில், கூடத்துப் பெண்கள் உம்மாவைச் சுற்றி அமர்ந்து யாசீன் ஓதத் தொடங்கினார்கள். நுஸைபா வாப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலில் நேற்றைய அதே பத்து மணி வெளிச்சம். நேற்றைய சேலையைக்கூட அவள் இன்னும் மாற்றவில்லை.

அழுத்தியபின் சுருளைச் சுற்ற வாப்பாவுக்குத் தெம்பில்லை. சுற்றாமல் ஷட்டரை மட்டும் இழுத்துவிட்டால், அதே இடத்தில் மறுபடி படம் விழும். சின்ன வயதில் இப்படிச் சுற்ற மறந்துதான் ஒரு பெருநாளில் படத்தில் ஜாபிரின் தலைமேல் குர்பானி ஆட்டை ஏற்றினாள். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதான். வாப்பா அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

தலையணைகளில் வாப்பா சாய்ந்திருந்த பள்ளம் இன்னும் இருந்தது. அதே உயரத்துக்குக் கேமராவை அண்டக்கொடுத்து வைத்தாள். பச்சை மூடியைக் கழற்றினாள். குனிந்து பார்த்தபோது வெறும் முக்காலி தெரிந்தது. கண்ணாடியில் ஒரு சொட்டு விழ, முந்தானையால் துடைத்தாள். முகத்தையும் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். ஷட்டரை இழுத்து, தானாக எடுப்பதற்கான சின்ன முள்ளைத் தள்ளிவிட்டு அழுத்தினாள். அது கிர்ரென்று ஓடத் தொடங்கியது. போய் உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. வாப்பாவின் தங்கை ஜன்னத் பீவி.

"நுஸைபா, மவுத்து வீட்டுல என்னம்மா இது..."

"பேசாதீங்க மாமி" என்றாள் நுஸைபா. அசையாமல், வெறும் கட்டிலைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.