பூவுக்கு ஜாமீன்

மகள் கல்யாணத்துக்கு விலை சொல்ல முடியாது என்பார்கள். ஒரகடத்தில் தொண்ணூற்றொன்றாம் வருஷம் அதன் விலை ஒரு பூ. விலை சொன்னவர் ரைஸ் மில் சுப்பராயன்.

புண்ணாக்குக் கடை நடேசன் தன் மகள் சசிரேகாவுக்கு சுப்பராயனின் மகன் தமிழ்வாணனைக் கேட்டார். பிள்ளைகள் இருவருக்கும் ஏற்கெனவே பிடித்திருந்தது. அது ஊருக்கும் தெரியும். சுப்பராயனுக்கோ காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை வீட்டில் பெண்ணெடுக்கும் கனவு. பழகின முகத்துக்கு நேரே இல்லையென்று எப்படிச் சொல்வது? கொடுக்க மனசில்லாத சரக்கை வியாபாரி இல்லையென்று சொல்லமாட்டான், விலையை ஏற்றிவிடுவான். சுப்பராயன் கண் நடேசனின் தோட்டத்துச் செடிமேல் விழுந்தது.

அது பியோனி என்னும் பூச்செடி. பட்டாளத்தில் இருந்த சசிரேகாவின் தாய்மாமன் காஷ்மீரிலிருந்து கிழங்காகக் கொண்டுவந்து நட்டது. சோற்றுத்தட்டு அகலம் பூக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த ஊரில் என்று சொல்லவில்லை.

"இது என்னிக்குப் பூக்குதோ அன்னிக்கே பரிசம் போட்டுடலாம் மச்சான். நல்ல சகுனம்!" என்றார் சுப்பராயன்.

நடேசன் அதை வாக்கு என்றே நம்பினார். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினார். செடி நன்றாகத் தின்று இலையாக விட்டுத் தள்ளியது. குளிர் வேண்டும் என்று மாமன் எழுதியதும் ஓலைப்பந்தல் எழும்பியது. செடியைச் சுற்றி ஐஸ் கட்டிகள் அடுக்கினார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மொபெட்டில் ஐஸைக் கட்டிக்கொண்டு வந்தவன் தமிழ்வாணன். கரையாமலிருக்க மூடின உமி அப்பாவின் மில்லுடையது. அப்படியும் வல்லக்கோட்டை வருவதற்குள் பாதி ஒழுகிவிடும். அதை முருகனுக்கு அபிஷேகம் என்று வைத்துக்கொண்டார்கள்.

"இன்னா மச்சான், மொட்டு கீதா?" என்று சுப்பராயன் தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பார். இல்லை என்றால் முகம் வாடிப்போகும். வாடின முகத்தோடு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவார்.

காஞ்சிபுரத்துக்கு ஜாதகம் போயிருக்கும் சேதி நடேசன் மனைவி செங்கமலம் காதுக்கு வந்தது. அவள் அதைக் கணவரிடம் மறைத்துவிட்டாள்.

"காய்க்காத மரத்தை மிரட்டுவாங்களே, அப்பிடி மிரட்டிப் பாக்கலாம். நீங்க அரிவாளை ஓங்குங்க. நான் கையைப் புடிச்சு, 'வெட்டாதீங்க, பூக்கும், நான் ஜாமீன்'னு சொல்றேன். செடி பயந்துடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கம்பக்கம் கூடியது. வேலிக்கு அந்தப்பக்கம் சுப்பராயன். நடேசன் அரிவாளை ஓங்கினார்.

"பூக்காத செடி எனக்கு இன்னாத்துக்கு? வெட்டறேன் பாரு!"

செங்கமலம் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வெட்டுங்க. கத்திரி நாத்து சொல்லி வெச்சுக்கீறேன்."

நடேசன் கை அந்தரத்தில் நின்றது. "இன்னாடி, நீ சொல்லவேண்டியது..."

"வெட்டுங்கன்றேன். செடி போச்சுன்னா சகுனமும் போச்சு. ஆமாவா இல்லியான்னு அண்ணன் வாயாலயே இப்பக் கேட்டுடலாம்."

எல்லாத் தலையும் வேலிப்பக்கம் திரும்பியது. சுப்பராயனுக்கு வேர்த்தது. காஞ்சிபுரத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. செடி நிற்கிறவரைக்கும்தான் தவணை நிற்கும். வேலியைத் தாண்டினார், வேட்டியில் பாதி முள்ளோடு தங்கியது. ஓடிவந்து நடேசன் கையைப் பிடித்தார்.

"வெட்டாதே மச்சான்! பூக்கும்!"

"யாரு ஜாமீன்?" என்றாள் செங்கமலம், தலை நிமிராமல்.

"நான் ஜாமீன்!"

முறம் கீழே இறங்கியது. "கேட்டியா முனியம்மா?"

"ஊரே கேட்டுச்சு" என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மாள்.

"அப்ப தை வரைக்கும் தவணை. அதுக்குள்ள பூத்தா உங்க வாக்குப்படி பரிசம். பூக்கலைன்னா, செடி பட்ட கடனை ஜாமீன் போட்டவர்தான் கட்டணும். அப்பவும் தட்டைத் தூக்கிக்கினு நீங்கதாண்ணே வரணும்."

"செடிக்குப் போயி ஜாமீனாம்மா?"

"செடியை வெச்சு சகுனம் பாத்தது யாரு மாமா?" என்று உள்ளேயிருந்து சசிரேகாவின் குரல் வந்தது.

போட்ட ஜாமீனைக் கைகழுவின மில்காரருக்கு நாளைக்கு எவன் நெல் மூட்டையைக் கடனாக இறக்குவான்? சுப்பராயன் கிழிந்த வேட்டியை வாரிச் சுற்றிக்கொண்டு நடந்தார். அன்றோடு தமிழ்வாணன் ஐஸ் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான்.

தையில் கணக்கு முடித்தார்கள். சுப்பராயன் தரவேண்டியது மகன் ஒருவன்: பைசல். செடி தரவேண்டியது பூ ஒன்று: பாக்கி.