சுருட்டை வருகிறார்

…அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, காலை ரேடியோவில் ஒரே ஒரு வரிதான் சொன்னார்கள், நம் கால்பந்து கிளப்புக்குப் புதிய பயிற்சியாளர் யார் என்று, மிச்சத்தையெல்லாம் பஸ்ஸில் வந்தவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள், நான் இறங்குவதற்குள் அவர் இரண்டு கோப்பை வாங்கியவராகவும், மூன்று கிளப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவராகவும், ஒரு பையனின் காலை ஒடித்தவராகவும் ஆகியிருந்தார். ஒடித்தவர்… அந்தச் சொல்லை யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற யாரோ, முகம் தெரியவில்லை. சுருட்டை வருகிறார். பேப்பரில் படம் போட்டிருக்கிறார்கள், இப்போது தலையில் ஒரு முடி கிடையாது, ஆனாலும் ஊருக்கு அவர் சுருட்டைதான், முடி கொட்டிவிட்டது என்பதற்காக ஊர் வைத்த பெயரை யார் மாற்றுவார்கள். அதேபோலத்தான் அந்த 'ஒரு பையனும்'. இருபத்திரண்டு வருஷமாக அவன் ஒரு பையன்தான், பெயர் கிடையாது, வயது ஏறுவதில்லை, பதினேழிலேயே மைதானத்தில் விழுந்து கிடக்கிறான். அவனுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது, தொப்பை விழுந்துவிட்டது, அவன் என் தம்பி என்று அந்தப் பஸ்ஸில் நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்… எழுந்து எனக்கு இடம் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

நாங்கள் பல்செட் செய்கிறவர்கள். மூன்று பேர், ஒரு நீள மேஜை, ஒரு ஜன்னல். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு வைத்துப் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவேன், அதை வார்த்தெடுப்பது ஆஃப்சைடின் வேலை, தேய்த்து மினுக்குவது பாலிஷ்காரர். ஆஃப்சைடுக்கு முப்பது வயது, எதிராளி பேச்சை முடிப்பதற்கு முன்னாலேயே போய் முன்னால் நின்றுகொள்வான், அதனால் அந்தப் பெயர், அவனும் கோபித்துக்கொள்வதில்லை. நான் உள்ளே நுழையும்போதே சண்டை நடந்துகொண்டிருந்தது. "ரெண்டு கோப்பை வாங்கினா எல்லாம் சரியாப் போச்சா அண்ணே? ஒரு பையன் வாழ்க்கையையே முடிச்ச ஆளு அவரு" என்றான் அவன். பாலிஷ்காரர் மோட்டாரை நிறுத்தவில்லை, கையில் யாருடையதோ மேல்தாடை, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இருபத்திரண்டு வருஷம் ஆச்சுப்பா. ஒரு மனுஷனை எத்தனை வருஷம் நிக்க வெச்சே கேள்வி கேப்பீங்க?" என்றார். "அந்தப் பையன் எழுந்து நிக்கிற வரைக்கும்." நல்ல பதில், நன்றாகத்தான் பேசுகிறான், நானே இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் என் தம்பி நிற்கிறான், நன்றாகவே நிற்கிறான், படியிறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவான், மகள்கள் இரண்டு பேரும் நடக்கப் பழகிய வயதில் அப்படி இறங்குவதுதான் முறை என்று நினைத்து அவர்களும் அப்படியே இறங்கினார்கள்… "அவன் இப்ப எங்கயோ பிச்சை எடுக்கறானாம் அண்ணே, பார்த்தவங்க சொன்னாங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கை அசைந்து கடைவாய்ப்பல் ஒன்று சாய்ந்துவிட்டது, திரும்ப மெழுகைச் சூடாக்கினேன். தம்பி குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறான், எந்த வட்டத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பது அவன் பொறுப்பு, இந்த ஆஃப்சைடு காலையில் பல் தேய்த்ததே அவன் திறந்துவிட்ட தண்ணீரில்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

பதினோரு வருஷமாக இந்த மேஜையில் உட்காருகிறேன், ஒருநாள்கூட இவர்களிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை… வீட்டு விஷயத்தை வேலையிடத்தில் எதற்கு என்று நினைத்தேன், இல்லை, அனுதாபம் பிடிக்காது, இல்லை, அதுவும் இல்லை, சொன்னால் கேள்வி கேட்பார்கள், அதுதான். நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற கதையில் கேள்விக்கு இடமே கிடையாது. அதில் இறுதிப் போட்டி நாள் காலையில் சுருட்டை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், கையில் கிளப் டாக்டர் கொடுத்த காகிதம், தம்பியின் முழங்கால் ஒரு வாரமாக வீங்கியிருக்கிறது, ஊசி போட்டால் வலி தெரியாமல் ஆடிவிடலாம், பதினெட்டு ஆகாததால் வீட்டுப் பெரியவர்கள் கையெழுத்து வேண்டும், நீட்டுகிறார், வாங்கிக்கொண்டு போகிறார். எழுபத்தோராவது நிமிடத்தில் தம்பி விழுகிறான், பக்கத்தில் யாருமே இல்லை, யாரும் தொடவில்லை, பந்துகூட தூரத்தில்தான் இருந்தது, திரும்ப முயன்றான், கால் மட்டும் திரும்பவில்லை. முன்னமே பாதி அறுந்திருந்த தசைநார் முழுசாக அறுந்துவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள். கோப்பை கிடைத்தது. சுருட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், அப்போது தலை நிறையச் சுருள்முடி, வெயிலில் அது குதித்தது எனக்கு இன்னும் தெரிகிறது… ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் கதை, இப்படித்தான் அம்மாவுக்குச் சொன்னேன், சொந்தக்காரர்களுக்கு, தம்பிக்கும்.

பத்து மணிக்கு ஆஃப்சைடு ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தான், ரசிகர் சங்கத்துக் கடிதம், இவரை எடுக்கக்கூடாது என்று கிளப்புக்கு எழுதியிருக்கிறார்கள், கீழே கையெழுத்துக்குக் காலி வரிகள். "அக்கா, முதல்ல நீங்க போடுங்க, உங்களுக்குத்தான் அவரைப் பிடிக்கவே பிடிக்காதே." எப்படித் தெரியும் இவனுக்கு, நான் ஒன்றும் சொன்னதில்லையே, டிவியில் அவர் முகம் வந்தால் எழுந்துபோய்விடுவேன், அதைக் கவனித்திருக்கிறான், வாய் ஓயாதவனுக்குக் கண்ணும் ஓயாதுபோல. பேனாவை வாங்கினேன். பாலிஷ்காரர் மாட்டேன் என்றுவிட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவர் ஏதாவது யோசிக்கிறார் என்றால் அப்படித்தான். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலப்பா. அந்தாளு தப்பு செஞ்சாருன்னே வெச்சுக்குவோம். அந்தப் பையனுக்கு வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா? வீங்கின காலோட விளையாடப் போறான், ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையா?" ஆஃப்சைடு அதற்கும் ஏதோ சொன்னான், ஏழைப்பட்ட குடும்பம், ஏமாத்திட்டாங்க, என்றெல்லாம்… பேனா கையிலேயே இருந்தது. கையெழுத்துப் போடுவதில் நான் கெட்டிக்காரிதான், ஒருமுறை போட்டுப் பழக்கம்.

வீட்டில் பெரியவர்கள். அப்பா இல்லை, அம்மாவுக்கு வெளியூரில் வேலை, மாதத்தில் ஒருமுறை வருவாள், இருபத்து மூன்று வயதில் நான்தான் பெரியவள். அவர் காகிதத்தை நீட்டினார், சரி, நீட்டியதோடு நின்றுவிட்டாரா… நிற்கவில்லை. "நீங்க வேண்டாம்னா வேண்டாம். யோசிச்சுச் சொல்லுங்க, நான் கீழ நிக்கறேன்." இதைச் சொன்னார். சொல்லவில்லை என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன், நினைத்து நினைத்து அந்த இடம் மழுங்கியே போய்விட்டது, ஆனால் சொன்னார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார், பத்து நிமிஷம். எனக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான், "வலிக்குதாடா?" என்றேன், "கொஞ்சம்" என்றான், பிறகு, "நீ என்னக்கா சொல்றே?" என்று கேட்டான். அவன் கேட்டான். அந்த ஆட்டம் முடிந்ததும் பெரியவர்கள் அணியில் ஒப்பந்தம் போடுவார்கள் என்று பேச்சு, போட்டால் அம்மா வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கலாம், நான் மனசுக்குள் அம்மாவுக்குக் கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன். "ஒரு மேட்ச்தானே, பல்லைக் கடிச்சுக்கோ" என்றேன். பல்லைக் கடிச்சுக்கோ… தினமும் பல்லோடு கிடக்கிறவளுக்கு அந்த வார்த்தை எத்தனை வருஷமாக எங்கே ஒளிந்திருந்தது. ஆனால் அவர் முப்பத்தைந்து வயது ஆள், பயிற்சியாளர், வீங்கிய முழங்கால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, தெரிந்தவர் கேட்டிருக்கவே கூடாது, கேட்டதே தப்பு, அதை யாரும் துடைக்க முடியாது. சரி. அது அவர் பங்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள், இரண்டையும் நான் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டேன்.

போன் அடித்தது, தம்பி. மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். அவன் பக்கத்தில் மோட்டார்களின் இரைச்சல், அதற்கு மேலே கத்திப் பேசுவது அவனுக்குப் பழக்கம்.

"அக்கா, கேட்டியா?"

"கேட்டேன்."

"நல்ல ஆளைத்தான் எடுத்திருக்காங்க. நம்ம பசங்க கடைசிப் பத்து நிமிஷம் தூங்கிடறானுங்க, அவரு வந்தா பின்வரிசையை ஒழுங்குபண்ணிடுவாரு பாரு."

எப்படி இவனால் முடிகிறது, தன் காலைக் கொடுத்தவன் பின்வரிசையைப் பற்றிக் கவலைப்படுகிறான்… எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பழகின கோபம், தடம் தெரிந்த மாடு மாதிரி தானாக நடந்து வந்தது. "உன்னை ஆஸ்பத்திரியில எட்டிக்கூடப் பார்க்காத ஆளுடா அவரு" என்றேன்.

மோட்டார் இரைச்சல் குறைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பான்போல, குரல் தணிந்து வந்தது.

"வந்தாருக்கா."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மூணு தடவை வந்தாரு. ரெண்டு தடவை நான் மயக்கத்துல இருந்தேன். மூணாவது தடவை நீ கதவுகிட்டயே நிறுத்தி அனுப்பிட்டே. நர்ஸ் சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"அன்னிக்கேதான். அட, அதை விடு, அது எதுக்கு இப்ப. சின்னவளுக்கு முன்பல்லு ஆடுது, பிடுங்கிவிடவா, அப்படியே விட்டுடவா? உன்கிட்டதான் கேட்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

"தானா விழட்டும்" என்றேன். "நாக்கால தள்ளித் தள்ளிப் பார்க்க வேணாம்னு சொல்லு." குரல் சாதாரணமாகத்தான் வந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை. வைத்துவிட்டான். படியில் உட்கார்ந்தேன். அன்றைக்கே தெரியும். கால் முழுக்கக் கட்டோடு படுத்துக்கொண்டு, நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே, வரவேயில்லை பார்த்தியா, அவ்வளவுதான் அந்தாளு, என்று சொன்னபோது, ஆமாக்கா என்றானே, அப்போதே தெரியும் அவனுக்கு. சுளையை வாயில் வாங்கிக்கொண்டு ஆமாக்கா என்றான்.

திரும்பி வந்தபோது பாலிஷ்காரர் மோட்டாரைப் போட்டிருந்தார், ஆஃப்சைடு அடுத்த அறைக்காரர்களிடம் இரண்டு கையெழுத்து வாங்கி வந்திருந்தான், எனக்கென்று முதல் வரியைக் காலியாக விட்டிருந்தான். அடுத்த அச்சை முன்னால் இழுத்தேன், வைத்தேன். "அண்ணே, காலையில ஒண்ணு கேட்டீங்களே" என்றேன், இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னேன், மோட்டாரை நிறுத்தினார். "அந்தப் பையனுக்கு வீட்ல பெரியவங்க இருந்தாங்க. ஒரு அக்கா இருந்தா. அவகிட்டதான் கேட்டாங்க. அவதான் கையெழுத்துப் போட்டா." ஆஃப்சைடு வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேச்சு முடியும்வரை காத்திருந்தான் என்று நினைக்கிறேன். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான், மெதுவாக. "அவன் என் தம்பி." அப்புறம், கேட்காமலேயே, "பிச்சையெல்லாம் எடுக்கலை, நல்லா இருக்கான்" என்றேன். பாலிஷ்காரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அந்தக் காகிதம் இன்னும் மேஜையில்தான் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. போடுவதா வேண்டாமா என்று யோசித்தேன், அவர் கேட்டது தப்புதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் யோசனை அதில் நிற்கவில்லை, தம்பியிடமே போனது. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் சுருட்டையைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் திட்டுவேன், அவன் பேச்சை மாற்றுவான். பெருந்தன்மை என்று நினைத்திருக்கிறேன், சில சமயம், கோபித்துக்கொண்டு, முதுகெலும்பில்லாதவன் என்றுகூட. ஆனால் அவரைத் திட்ட ஆரம்பித்தால் அந்தப் பேச்சு எங்கே போகும், யார் கேட்டது, எப்போது கேட்டார், வீட்டில் யார் இருந்தார்கள், நீ என்னக்கா சொல்றே… படியேறி நேரே எங்கள் வீட்டுக்குள்தான் வந்து நிற்கும், அது அவனுக்குத் தெரியும், கட்டோடு படுத்திருந்த பதினேழு வயதிலேயே தெரிந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை வருஷம் அவன் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியது யாரை… இன்றைக்குக் காலையில், முதல் வேலையாக எனக்குப் போன் போட்டு, நல்ல ஆளைத்தான் எடுத்திருக்காங்க என்றானே, அதுகூட அவரைப் பற்றித்தான் சொன்னானா…