அல்தாப் எந்தக் குழுவில்?

தாராவியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவள் சாயிரா. அல்தாப் அங்கே பன்னிரண்டு வருடமாக டெக்னீஷியன். இனி எக்ஸ்ரே படங்களையும் அவர் பார்க்கட்டும் என்று முதலாளி ஹனீப் முந்தின நாள் சொல்லியிருந்தார். சர்வரில் ரத்தப் பிரிவுக்கு ஒரு குழு, எக்ஸ்ரே பார்ப்பவர்களுக்கு ஒரு குழு; குழுவில் இருப்பவருக்குத்தான் அதன் ஃபைல்கள் திறக்கும். காலையில் வந்ததும் கறுப்புத் திரையில் usermod என்று தொடங்கும் ஒரு வரியை அடித்து, சாயிரா அல்தாபை எக்ஸ்ரே குழுவில் சேர்த்தாள். பிழை எதுவும் காட்டவில்லை.

பத்து மணிக்கு வந்து லாகின் செய்த அல்தாப் அவளைக் கூப்பிட்டார்.

"எக்ஸ்ரே தொறக்கு. ரத்த ரிப்போர்ட் ஒண்ணுமே தொறக்கல. அனுமதி இல்லன்னு வருது."

"அதை நான் தொடவே இல்லையேண்ணே!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னைய வேலைய விட்டு எடுக்கப் போறாவளா? இருந்தா நேர சொல்லிரு."

போன மாதம் செம்பூர் கிளையில் இரண்டு பேரை வேலையை விட்டு எடுத்தபோது முதலில் நின்றுபோனது அவர்களுடைய லாகின்தான். அது நினைவுக்கு வர, சாயிராவுக்கும் சந்தேகம் தட்டியது. தனக்குத் தெரியாமல் ஹனீப் ஏதாவது செய்துவிட்டாரோ?

வெளியே பெஞ்சில் சீத்தா கேம்ப்பிலிருந்து வந்த கீதா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவுக்கு மூன்று மணிக்கு ஆபரேஷன். ரத்த ரிப்போர்ட் இல்லாமல் டாக்டர் தொட மாட்டார்.

அல்தாப் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று சாயிரா மெஷினிடம் கேட்டுப் பார்த்தாள். எக்ஸ்ரே மட்டும்தான் வந்தது. ரத்தப் பிரிவைக் காணோம்! காலையில் அடித்த கட்டளையின் விளக்கத்தை முதலிலிருந்து படித்தாள். -a என்று சேர்த்து அடிக்காவிட்டால், பழைய குழுக்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைக்குமாம். காலையில் அவள் அதை அடிக்கவில்லை. ஓசைப்படாமல் ரத்தப் பிரிவில் அவரைத் திரும்பச் சேர்த்தாள். இப்போது இரண்டு குழுவும் வந்தன.

"இப்ப பாருங்கண்ணே."

"தொறக்கல."

மறுபடி கேட்டாள். இரண்டு குழுவும் இருந்தன. ஃபைல்களின் உரிமையைப் பார்த்தாள், சரியாக இருந்தது. பெயரில் எழுத்துப்பிழையும் இல்லை. உள்ளே இருக்கிறார் என்கிறது பட்டியல், இல்லை என்கிறது ஃபைல். இரண்டையும் சொல்வது ஒரே மெஷின்தான். எதை நம்புவது?

ஒரு மணிக்கு அல்தாப் எழுந்தார். "தொழுதுட்டு வாரேன்." வழக்கம்போல் லாக் அவுட் செய்துவிட்டுப் போனார். சாயிரா சாப்பிடாமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்து லாகின் செய்தார். ரிப்போர்ட் திறந்தது.

"என்னம்மா செஞ்ச?"

"ஒண்ணுமே செய்யலண்ணே."

கீதா அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். சாயிரா விட்ட இடத்திலிருந்து படித்தாள். யார் எந்தக் குழு என்பதை லாகின் செய்யும்போது ஒரே ஒரு தடவைதான் மெஷின் பார்த்துக்கொள்ளுமாம். நடுவில் மாற்றினால், லாக் அவுட் செய்துவிட்டுத் திரும்ப வரும்வரை உள்ளே இருப்பவருக்கு அது ஒட்டாது. அவள் அல்தாபின் மேஜைக்குப் போனாள்.

"நாந்தான்ணே உங்களை வெளிய தள்ளினது. ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

"அப்ப ஹனீப் பாய் ஒண்ணும் சொல்லலையா?"

"சத்தியமா இல்ல."

அல்தாப் தலையில் கை வைத்தார். "வேலை போச்சுன்னு வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டனே!"

உடனே மனைவிக்கு போன் போட்டார். "போகல சபா... இல்ல, காலைல போச்சு... யாரும் எடுக்கலங்கேன்... ஒரு எழுத்து விட்டுப்போச்சாம்... எந்த எழுத்துன்னு எனக்கெப்படித் தெரியும்? இந்தா, நீயே கேளு." போனைச் சாயிராவிடம் நீட்டினார்.